பிராசஸருக்கு எத்தனை வோல்ட் தாங்கும்? இன்டெல் சிப்கள் பழுதான பின்னணியும், உங்கள் டெஸ்க்டாப்பில் கவனிக்க வேண்டியவையும்

புதுசாக வாங்கிய கேம். இன்ஸ்டால் முடிந்து ஓப்பன் செய்தால், ஆரம்பத்திலேயே "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது. ஆனால் மெஷினில் இருப்பதோ 24 ஜிபி மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு. டிரைவரை மாற்றிப் பார்த்தாலும் அதே எரர். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அதே எரர்.

2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் உலகம் முழுக்க கேம் ஆடுபவர்கள் பலர் இப்படித்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பழி எல்லாம் கிராபிக்ஸ் கார்டு மேல் விழுந்தது. கடைசியில் மாட்டியது பிராசஸர். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள், தேவைக்கு மேல் வோல்டேஜைக் கேட்டு வாங்கி, உள்ளுக்குள்ளேயே பழுதாகிக்கொண்டிருந்தன. அதில் பெரிய சிப்பான ஐ9-14900கே-வின் அறிமுக விலை 589 டாலர்.

இதில் பலரும் ஓவர்கிளாக் எதுவும் செய்யாதவர்கள். கடையில் அசெம்பிள் செய்து கொடுத்தபடியே ஓட்டியவர்கள். அதனால்தான் இந்த விஷயத்தை "நமக்கெதுக்கு, அது டெக் பசங்க வேலை" என்று விட்டுவிட முடியாது. பிராசஸருக்குப் போகும் வோல்டேஜ் என்றால் என்ன, எவ்வளவு போனால் பாதுகாப்பு, அதை எங்கே பார்ப்பது, எப்படிக் குறைப்பது? விரிவாகப் பார்ப்போம்.

(பாடப்புத்தகத்தில் மின்னழுத்தம் என்று படித்திருப்போம். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். ஆனால் கடையில் போய் மின்னழுத்தம் என்று கேட்டால் ஸ்டெபிலைசரை எடுத்துக் காட்டுவார்கள். அதனால் இங்கே வோல்டேஜ்தான்.)

இது வீட்டு கரன்ட் வோல்டேஜ் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எங்க ஏரியாவில் வோல்டேஜ் ஏறி இறங்கும், அதான் பிராசஸர் போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் நேராகப் பிராசஸருக்குப் போவதில்லை. எஸ்எம்பிஎஸ் அதை 12 வோல்ட் டிசி-யாக மாற்றுகிறது. அந்த 12 வோல்ட் மதர்போர்டுக்கு வந்ததும், பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் விஆர்எம் என்ற சர்க்யூட் அதை இன்னும் குறைத்து, சுமார் 1 வோல்ட்டுக்குக் கொண்டுவருகிறது. ஹீட்சிங்க் மூடிய அந்தப் பகுதியைத்தான் மதர்போர்டு விளம்பரங்களில் "16 ஃபேஸ், 20 ஃபேஸ்" என்று பெருமையாகப் போடுவார்கள்.

ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்பாற்றும். நாம் இங்கே பேசும் பிரச்சினைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

1 வோல்ட் என்றதும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கரன்ட்டைப் பாருங்கள். 14900கே சிப்புக்கு இன்டெல் வைத்திருக்கும் பவர் லிமிட் 253 வாட். 1.2 வோல்ட்டில் 253 வாட் வேண்டுமென்றால் சுமார் 210 ஆம்பியர் பாய வேண்டும். வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி இழுப்பதே 7, 8 ஆம்பியர்தான். கட்டை விரல் அகல சிலிக்கான் துண்டுக்குள் 210 ஆம்பியர். இந்த அளவு கரன்ட் ஓடும் இடத்தில் 0.1 வோல்ட் என்பது சின்ன எண் கிடையாது.

எத்தனை வோல்ட் வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பிராசஸரே. ஒவ்வொரு சிப்புக்கும் ஃபேக்டரியிலேயே, இந்த வேகத்துக்கு இவ்வளவு வோல்ட் தேவை என்ற கணக்கு எழுதப்பட்டிருக்கும். வேகம் மாறும்போதெல்லாம் சிப் அந்தக் கணக்குப்படி விஆர்எம்-இடம் கேட்கும். இப்படிக் கேட்கும் அளவுக்கு விஐடி என்று பெயர். உண்மையில் வந்து சேரும் அளவு வி-கோர். கேட்டதும் கிடைத்ததும் எப்போதும் ஒன்றாக இருக்காது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரே மாடலில் இரண்டு சிப் வாங்கினாலும் இரண்டின் கணக்கும் வேறாக இருக்கும். ஒன்று 1.25 வோல்ட்டில் செய்யும் வேலையை இன்னொன்று 1.33 கேட்டுச் செய்யும். உங்கள் நண்பர் போட்ட செட்டிங் உங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான்.

கூடினால் ஏன் கெடுகிறது?

முதல் காரணம் சூடு. சிப் இழுக்கும் பவர், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் அப்படியே இருக்க, வோல்டேஜை மட்டும் 1.2-லிருந்து 1.4 ஆக்கினால், ஏறியது 17 சதவீதம்தான். ஆனால் பவர் ஏறுவது சுமார் 36 சதவீதம். இதில் லீக்கேஜ் எனப்படும் கசிவுக் கரன்ட்டைச் சேர்க்கவில்லை. அதுவும் சூடு ஏற ஏறக் கூடும்.

நம்ம ஊர் வெயிலுக்கு இது இன்னும் முக்கியம். அறை 24 டிகிரியில் இருக்கும்போது 78 டிகிரி காட்டும் பிராசஸர், மே மாதத்தில் ஏசி இல்லாத 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 92 டிகிரி வரை போகும். கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறைக்காற்றை விடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது. வெளிநாட்டு யூடியூப் ரிவ்யூவில் காட்டும் டெம்பரேச்சரை அப்படியே நம்பாமல், அவர் அறை வெப்பம் எவ்வளவு என்று சொல்லியிருக்கிறாரா எனப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் தேய்மானம். சூட்டைக் கூடப் பிராசஸர் சமாளித்துவிடும். 100 டிகிரியைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் மெஷின் ஆஃப் ஆகிவிடும். தேய்மானத்துக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் இன்சுலேஷன் படலம் ஒரு சில நானோமீட்டர் தடிமன்தான். கூடுதல் வோல்டேஜ் அந்தப் படலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனப்படுத்தும். அதிகக் கரன்ட் பாயும்போது, சிப்புக்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளின் அணுக்களே இடம் பெயர ஆரம்பிக்கும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்பார்கள். சூடும் சேர்ந்தால் இரண்டுமே வேகம் எடுக்கும்.

இது கரையான் அரிப்பது போல. வெளியே கதவு கதவாகவே தெரியும். சிப்பிலும் புகை வராது, வாசம் வராது. நேற்று வரை 1.30 வோல்ட்டில் நன்றாக ஓடியது, இன்று அதே வேகத்துக்கு 1.34 கேட்கும். ஆனால் சிப்பிடம் இருக்கும் கணக்கு பழைய கணக்கு. அது 1.30 தான் கேட்டு வாங்கும். போதாமல் கணக்கில் தப்பு வரும். கேம் மூடும், ஜிப் ஃபைல் விரியாது, சில நேரம் புளூ ஸ்கிரீன்.

இதில் ஒரு கொடுமை உண்டு. பழுதான சிப்பை ஓட வைக்க வோல்டேஜை இன்னும் ஏற்றினால், கொஞ்ச நாள் நன்றாக ஓடும். தேய்மானம் இன்னும் வேகமாகும். மறுபடி எரர், மறுபடி ஏற்றம்.

இது புதுக்கதையும் இல்லை. 2002 வாக்கில் பென்டியம் 4 நார்த்வுட் சிப்களை ஓவர்கிளாக் செய்தவர்கள், 1.7 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி ஓட்டியபோது சில வாரங்கள், சில மாதங்களில் சிப்கள் செத்துப்போயின. அதற்கு முந்தைய தலைமுறை சிப்கள் 1.75 வோல்ட்டைச் சாதாரணமாகத் தாங்கியவை. பழைய எண்ணைப் புது சிப்பில் போட்டதுதான் தப்பு. இந்தத் தப்பு இன்றும் நடக்கிறது.

இன்டெல் விவகாரத்தில் நடந்தது என்ன?

13ஆம் தலைமுறை வந்தது 2022 அக்டோபரில், 14ஆம் தலைமுறை 2023 அக்டோபரில். ஐ9-14900கே ஒரு கோரை 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டும் என்பதுதான் பெரிய விளம்பரம். அந்த வேகத்தைத் தொட வோல்டேஜும் ஏற வேண்டும்.

2024 ஏப்ரலில் என்விடியா, இந்த மெமரி எரர் வருபவர்கள் இன்டெலை அணுகுங்கள் என்று சொன்ன பிறகு விஷயம் பெரிதானது. அதற்கு முன்பே, கேம் ஃபைல்களை விரிக்கும் ஊடில் என்ற சாஃப்ட்வேரைத் தயாரிக்கும் குழு, பெர்ஃபாமன்ஸ் கோர் வேகத்தை 55-லிருந்து 53 ஆகக் குறைத்துப் பாருங்கள் என்று வழி சொல்லியிருந்தது. அதாவது 5.5 கிகாஹெர்ட்ஸை 5.3 ஆக்குவது. குறைத்தால் எரர் நின்றது. பிராசஸர் மேல் சந்தேகம் உறுதியானது அப்படித்தான்.

முதலில் இன்டெல் கை காட்டியது மதர்போர்டு கம்பெனிகளை. அதில் பாதி உண்மை இருந்தது. பெஞ்ச்மார்க்கில் தங்கள் போர்டு முதலிடம் வர வேண்டும் என்பதற்காக, 253 வாட் லிமிட்டை எடுத்துவிட்டு 4,000 வாட்டுக்கும் மேல் என்று போட்டுத்தான் பல போர்டுகள் விற்பனைக்கு வந்தன. அவ்வளவு பவர் எந்த சிப்பும் இழுக்காது. லிமிட்டே இல்லை என்பதைச் சொல்லும் முறை அது.

ஆனால் பவர் லிமிட்டைச் சரியாக வைத்த மெஷின்களிலும் சிப் கெட்டது. ஓவர்கிளாக் பக்கமே போகாத கேம் சர்வர்களில் இருந்த சிப்களும் கெட்டன. 2024 ஜூலை 22ஆம் தேதி இன்டெல் ஒப்புக்கொண்டது: சிப்பின் மைக்ரோகோடு தவறான வோல்டேஜைக் கேட்கிறது. மைக்ரோகோடு என்பது சிப்புக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு. பயாஸ் அப்டேட் வழியாக மாற்றக்கூடியது.

ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற அப்டேட் வந்தது. சிப் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி அது பூட்டுப் போட்டது. செப்டம்பரில் மூல காரணத்தை விளக்கிவிட்டு, 0எக்ஸ்12பி வெளியிட்டார்கள். சிப்புக்குள் எல்லா வேலைகளுக்கும் தாளம் போடும் கிளாக் சர்க்யூட்தான், அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் தேய்ந்துபோனது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. இதற்கு வி-மின் ஷிஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ் மேலே நகர்ந்துவிட்டது என்று பொருள். 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் என்ற இன்னொரு அப்டேட்டும் வந்தது. நாள்கணக்கில் ஆஃப் செய்யாமல், லேசான வேலையோடு ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களுக்கானது அது.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். சிப்பை அதிகம் வருத்தியது கடும் வேலை மட்டும் இல்லை. சும்மா இருக்கும்போதும், பிரௌசரில் ஏதோ பார்க்கும்போதும்தான் வோல்டேஜ் உச்சத்துக்குப் போனது. ஏன்? வேலை குறைவாக இருக்கும்போது, ஒன்றிரண்டு கோர்களை மட்டும் உச்ச வேகத்துக்கு ஏற்றி வேலையைச் சட்டென முடிக்கப் பார்க்கும் சிப். அந்த ஒரு கோர் கேட்கும் 1.5 வோல்ட்டை, ஒரே பாதையில் மின்சாரம் வாங்கும் மற்ற கோர்களும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 24 கோர் சிப்பில் ஒருவர் ஏசி கேட்டதற்கு வீடு முழுக்க ஏசி போட்ட கதை.

அப்டேட்கள் எல்லாமே இனி கெடாமல் தடுக்கத்தான். ஏற்கனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பாக்ஸ் பேக்கில் விற்ற பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 3 ஆண்டு வாரண்டியை இன்டெல் 5 ஆண்டாக நீட்டியது.

ஏஎம்டி மட்டும் என்ன வாழ்ந்தது?

இன்டெலைத் திட்டிவிட்டு ஏஎம்டி பக்கம் ஓடுபவர்கள் 2023 ஏப்ரலை மறந்திருக்கக் கூடாது. ரைசன் 7 7800எக்ஸ்3டி விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே, சிப்பின் அடிப்பகுதி கருகி உப்பிய படங்கள் இணையத்தில் பரவின. சாக்கெட்டும் சேர்ந்து எரிந்திருந்தது.

அங்கே பிரச்சினை கோர் வோல்டேஜ் இல்லை, எஸ்ஓசி வோல்டேஜ். மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் தனிப் பாதை அது. ராம் வேகத்தைக் கூட்ட பயாஸில் எக்ஸ்போ என்ற புரொஃபைலை ஆன் செய்ததும், சில மதர்போர்டுகள் தாமாகவே எஸ்ஓசி வோல்டேஜைத் தாராளமாக ஏற்றிவிட்டன. ஏஎம்டி தலையிட்டு, ஏஎம்5 போர்டுகளில் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டக் கூடாது என்று பயாஸ் வழியாகவே பூட்டியது. ஏஎம்5 போர்டு வைத்திருப்பவர்கள், அதுவும் 2023 தொடக்கத்தில் வாங்கியவர்கள், பயாஸை ஒரு முறைகூட அப்டேட் செய்யவில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள்.

எக்ஸ்3டி சிப்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மேலே அடுக்கி ஒட்டியிருக்கும் கேஷ் மெமரி அதிக வோல்டேஜ் தாங்காது. முதல் எக்ஸ்3டி சிப்பான 5800எக்ஸ்3டி-க்கு ஏஎம்டி வைத்த எல்லை 1.35 வோல்ட். அதே தலைமுறையின் சாதாரண ரைசன் லேசான வேலையில் 1.5 வரை போகும். ஓவர்கிளாக் வசதியையே அந்தச் சிப்பில் மூடியதற்குக் காரணம் இதுதான்.

சரி, பாதுகாப்பான எண் எது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஒரே எண்ணாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். சிப்பின் தலைமுறை, ஓடும் வேலை, சூடு, எவ்வளவு நேரம் என்ற நான்கும் சேர்ந்துதான் பாதுகாப்பைத் தீர்மானிக்கும். கம்பெனியின் டேட்டாஷீட்டும் கைகொடுக்காது. 13ஆம் தலைமுறைக்கு அதில் போட்டிருக்கும் உச்ச எண் 1.72 வோல்ட். அதைப் பார்த்துவிட்டு 1.5 பாதுகாப்புதான் என்று முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கட்டுரையே சொல்லிவிட்டது.

பார்க்க வேண்டியது கரன்ட்டோடு சேர்ந்த வோல்டேஜை. ரைசன் 5000 சிப் சும்மா இருக்கும்போது எட்டிப்பார்த்தால் 1.45 காட்டும். பதற வேண்டாம். ஒரு கோர் ஒரு நொடி எகிறும்போது, குறைந்த கரன்ட்டில் வரும் எண் அது. சினிபெஞ்ச் போல எல்லாக் கோர்களும் ஓடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், சிப் தானாகவே 1.2, 1.3 பக்கம் இறங்கிவிடும். "ஆட்டோவிலேயே 1.45 போகுதே, நானும் 1.45 ஃபிக்ஸ் பண்றேன்" என்று எல்லாக் கோர்களுக்கும் நிலையாகப் போடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எகிறிக் குதிக்கும்போது ஒரு நொடி தாங்கும் எடையை, நாள் முழுக்கத் தலையில் வைத்திருக்கச் சொல்வது போல அது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில், முழு லோடில் 1.3-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். லேசான வேலையில் 1.4-ஐ ஒட்டி வருவது வழக்கம்தான். 1.5-ஐ அடிக்கடி தொட்டால் பயாஸைக் கவனிக்க வேண்டும். மைக்ரோகோடு போட்ட 1.55 பூட்டைப் பாதுகாப்பான இலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது கடைசி வேலி.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். சென்சார் பகுதியைத் திறந்தால் நீளமான பட்டியல் வரும். அதில் மூன்றே வரிகளைத் தேடுங்கள்: விஐடி, வி-கோர், சிபியு பேக்கேஜ் டெம்பரேச்சர். ஏஎம்டி என்றால் எஸ்ஓசி வோல்டேஜும் சேர்த்து. அரை மணி நேரம் வழக்கமான வேலை, பிறகு ஒரு கேம், பிறகு பத்து நிமிடம் சினிபெஞ்ச். மூன்றின்போதும் மேக்ஸிமம் நெடுவரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். மேக்ஸிமத்தை மட்டும் பார்த்துப் பயப்படாமல் ஆவரேஜையும் பாருங்கள். அதே சாஃப்ட்வேரில் மைக்ரோகோடு எண்ணும் தெரியும். இன்டெல் சிப் வைத்திருப்பவர்கள் அது 129-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எங்கள் டிவி எடிட்டிங் அறையில் ஒரு மெஷின், ரெண்டர் பாதியில் நின்றுகொண்டே இருந்தது. ராம் மாற்றினார்கள், எஸ்எம்பிஎஸ் மாற்றினார்கள். யாரும் இந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவே இல்லை. கடைசியில் பார்த்தபோது பிராசஸர் எப்போதும் 100 டிகிரியில் நின்றது. கூலர் முழுக்கத் தூசி. ஐந்து நிமிட வேலைக்கு இரண்டு வாரம் புலிட்டின்கள் தாமதமானது எனக்கு நேரடியாகத் தெரியும், திட்டு வாங்கியதில் நானும் ஒருவன்.

பயாஸில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றுக்கும் முன்னால் பயாஸ் அப்டேட். மதர்போர்டு கம்பெனியின் சைட்டில், உங்கள் போர்டின் சரியான மாடல் எண்ணைப் பார்த்து இறக்குங்கள். அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டே போய்விடலாம். யுபிஎஸ் இங்கேதான் நிஜமாகவே உதவும். அப்டேட் முடிந்ததும் பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இன்டெல் போர்டுகளில் இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற புரொஃபைல் இருக்கும். அதைத் தேர்வு செய்தால் பவர் லிமிட் 253 வாட்டுக்கும், 14900கே என்றால் கரன்ட் லிமிட் 307 ஆம்பியருக்கும் வந்துவிடும். போர்டு கம்பெனியின் பெயரோடு, அசத்தலான பெயரில் இருக்கும் மற்ற புரொஃபைல்களை விட்டுவிடலாம். கேமில் இழக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது.

பல இன்டெல் போர்டுகளில் ஐஏ விஆர் வோல்டேஜ் லிமிட் என்று ஒரு இடம் உண்டு. அதிகம் பேசப்படாத, ஆனால் ரொம்பப் பயனுள்ள செட்டிங். மில்லிவோல்ட்டில் எண் கொடுக்க வேண்டும். 1400 என்று போட்டால், சிப் 1.4-க்கு மேல் கேட்கவே முடியாது. 6 கிகாஹெர்ட்ஸ் என்ற உச்சம் கிடைக்காமல் போகும், சில நூறு மெகாஹெர்ட்ஸ் குறையும். சிப் பத்து வருஷம் உழைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பேரம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

வோல்டேஜைக் குறைக்க நினைத்தால் ஃபிக்ஸட் மோடைத் தொடாதீர்கள். ஆஃப்செட் மோடில் போய் மைனஸ் 0.03-இல் ஆரம்பியுங்கள். சிப் கேட்கும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்த அளவு கழியும், வேலை இல்லாதபோது இறங்குவதும் தடைபடாது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, எரர் இல்லையென்றால் 0.05. பல சிப்கள் அதைத் தாங்கும், சில தாங்காது. ரைசனில் இதே வேலையைக் கர்வ் ஆப்டிமைசர் செய்யும். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று ஆரம்பித்தால் போதும். மைனஸையும் பிளஸ்ஸையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், சிரிக்காதீர்கள், நிறைய பேர் போடுகிறார்கள்.

குறைத்த பிறகு சினிபெஞ்ச் ஸ்கோரையும் பாருங்கள். கிளாக் வேகம் அதே எண்ணைக் காட்டி, ஸ்கோர் மட்டும் சரிந்தால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். சிப் கிராஷ் ஆகாமல் இருக்க உள்ளுக்குள் துடிப்பை இழுத்து ஓட்டுகிறது.

டெஸ்ட் செய்யும்போது கடும் லோடு மட்டும் போதாது. சும்மா இருக்கும்போதும், ஸ்லீப்பிலிருந்து எழும்போதும் கிராஷ் ஆகும் மெஷின்கள் உண்டு. ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் என்ற பெயரில் எரர் விழுந்திருந்தால், ஸ்கிரீனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சிப் திணறுகிறது என்று பொருள்.

கடைசியாக லோட்லைன் காலிபிரேஷன். லோடு ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சரிவது இயல்பு, வேண்டுமென்றே வைத்த சரிவு அது. கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாக இருக்காது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சரிவை முழுக்க நிமிர்த்தினால், லோடு சட்டென்று விடுபடும் நொடியில் வோல்டேஜ் மேலே தாவும். அந்தத் தாவல் சாஃப்ட்வேரில் தெரியவே தெரியாது, அவ்வளவு குறுகிய நேரம். அதனால் ஆட்டோவில் விடுங்கள். அதோடு, ஏசுஸ் போர்டில் லெவல் 8 என்றால் உச்சம், எம்எஸ்ஐ போர்டில் மோடு 1-தான் உச்சம். ஒரு போர்டுக்கான வீடியோவைப் பார்த்து இன்னொன்றில் எண் போட்டால் தலைகீழாகிவிடும்.

ஏதாவது தப்பாகி மெஷின் ஆன் ஆகவே இல்லையா? பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள சிமோஸ் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பும்.

ஏற்கனவே சிப் தேய்ந்திருந்தால்?

அறிகுறிகள் இவை: கிராபிக்ஸ் கார்டில் மெமரி இருந்தும் வீடியோ மெமரி எரர், கேம் ஷேடர் கம்பைல் ஆகும்போது கிராஷ், கிராபிக்ஸ் டிரைவர் இன்ஸ்டாலரே விரியாமல் நிற்பது, பெரிய ஜிப் ஃபைல் ஒரு முறை சரியாகவும் ஒரு முறை பழுது என்றும் வருவது. பயாஸில் பெர்ஃபாமன்ஸ் கோர் மல்டிபிளையரை இரண்டு மூன்று படி குறைத்ததும் இதெல்லாம் நின்றால், பிராசஸர்தான்.

பாக்ஸ் பேக் வாங்கியிருந்தால் பில்லையும், பாக்ஸில் உள்ள சீரியல் எண்ணையும் வைத்து இன்டெலிடமே வாரண்டி கேட்கலாம். டிரே சிப் என்று பாக்ஸ் இல்லாமல் கொஞ்சம் விலை குறைத்து வாங்கியிருந்தால், விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும். கம்பெனி அசெம்பிள் செய்த மெஷின் என்றால் அந்தக் கம்பெனியை. வேகத்தைக் குறைத்து ஓட்டிச் சமாளிக்கிறேன் என்று வாரண்டி காலத்தைக் கடத்தாதீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே குறைந்த விலைக்கு வந்தால் யோசியுங்கள். இரண்டு வருஷம் பழைய பயாஸில் ஓடிய சிப்பா என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, சிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட்டிலும் தெரியாது. குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெரிய ஜிப் ஃபைலைப் பத்து முறை விரித்துப் பாருங்கள். ஒரிஜினல் பில் கேளுங்கள், வாரண்டி மீதம் இருக்கிறதா என்று சீரியல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: 13, 14ஆம் தலைமுறை லேப்டாப் சிப்கள் இந்தக் கோளாறில் சேராது என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையும் சேராது. டெஸ்க்டாப்பில் பாதிக்கப்பட்டவை 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள 13, 14ஆம் தலைமுறை சிப்கள். உங்கள் மாடல் எது என்று தெரியவில்லையென்றால், விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியு-வை அழுத்துங்கள், வலது மேல் மூலையில் பெயர் இருக்கும்.